தொட்டி அலாரமும் களிம்பேறிய கம்பியும்

மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியத் தொடங்கி, பக்கத்து வீட்டார் குரல் கொடுத்த பிறகே மோட்டாரை நிறுத்த ஓடுவது எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறையாவது நடந்து வந்தது. எப்போதோ ரிச்சி தெருவில் வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருந்த பிசி547 டிரான்சிஸ்டர்களில் (சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தை இயக்கும் மூன்று கால் உறுப்பு) ஒன்றை எடுத்து, ஒரே மாலையில் ஓர் அலாரம் செய்து மாட்டினேன். நான்கு மாதங்கள் ஒழுங்காகக் கூவிய அது, ஒரு நாள் தொட்டி வழிந்தபோது வாய் திறக்கவில்லை.

சுற்று மிக எளியது. 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு கம்பி தொட்டியின் அடிக்குச் செல்கிறது. தொட்டியின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் மற்றொரு கம்பி, 10 கிலோ ஓம் மின்தடை வழியாக, டிரான்சிஸ்டரை இயக்கும் காலான பேஸுக்கு வருகிறது. மற்ற இரு கால்களில் கலெக்டரில் ஒலியெழுப்பும் பஸ்ஸர், எமிட்டர் பேட்டரியின் எதிர்முனையில், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 100 கிலோ ஓம் மின்தடை, அவ்வளவுதான். தட்டையான முகம் நம்மைப் பார்த்து, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்தால், பிசி547-இல் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். எல்லா டிரான்சிஸ்டருக்கும் இந்த வரிசை பொருந்தாது என்பதால், வேறு எண்ணுள்ள டிரான்சிஸ்டரைப் பயன்படுத்துவோர் முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் இரு கம்பிகளுக்கு இடையிலான மின்தடை சுமார் 50 கிலோ ஓம் இருந்தது. மல்டிமீட்டரில் அந்த எண் நிலையாக நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. பின்னால் வரப்போகும் தொல்லைக்கு அதுவே முன்னறிவிப்பு என்று இப்போது புரிகிறது. நீர் மேல் கம்பியைத் தொட்டதும் பேஸுக்குள் ஏறத்தாழ 0.14 மில்லி ஆம்பியர் பாய்கிறது. டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்குவதால் சிறிய பஸ்ஸர் ஒலிப்பதற்கு அது போதும்.

அலாரம் ஊமையான அன்று டிரான்சிஸ்டரைத்தான் முதலில் சந்தேகித்தேன். பேட்டரியை மாற்றினேன், பற்றவைத்த இடங்களையெல்லாம் மறுபடி சூடாக்கினேன். கடைசியில் தொட்டி மூடியைத் திறந்து அடிக்கம்பியை இழுத்துப் பார்த்தபோது, தோல் உரித்திருந்த 3 சென்டிமீட்டர் செம்பைக் காணவில்லை. பிளாஸ்டிக் உறையின் நுனியில் பச்சைக் களிம்பு மட்டும் ஒட்டியிருந்தது.

நேர்மின்சாரம் நீருக்குள் ஒரே திசையில் ஓடும்போது, நேர்முனையோடு இணைந்த செம்பு அயனிகளாகக் கரைகிறது. ஒரு ஆம்பியர்-மணி மின்சாரம் முழுவதும் செம்பைக் கரைப்பதற்கே செலவானால் சுமார் 1.19 கிராம் கரையும். மாலையில் நிரம்பிய தொட்டி காலை வரை நிறைந்தே இருப்பதால், நாளுக்குப் பத்து மணி நேரம், நான்கு மாதங்கள் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 0.2 கிராம் வருகிறது. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள என் கம்பித்துண்டின் எடையோ அதில் கால் பங்குதான்.

இதில் என் பிழையும் உண்டு. இரவில் பஸ்ஸர் அலறக் கூடாதென்று பஸ்ஸரின் கம்பியில் மட்டும் சுவிட்ச் வைத்திருந்தேன்; சத்தம் நின்றதே தவிர, நீருக்குள் ஓடிய மின்சாரம் நிற்கவில்லை. சுவிட்சைப் பேட்டரியின் கம்பிக்கு மாற்றினால் அரிப்பு பெருமளவு குறையும். ஆனால் மோட்டாரையே நிறுத்த மறக்கிறவன் அந்தச் சுவிட்சை மட்டும் நினைவாகப் போடுவான் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, நீருக்குள் மின்சாரத்தை இரு திசையிலும் சமமாகப் போய் வரச் செய்வது என்று முடிவெடுத்தேன். ஹான்ஸ் கேமன்சிண்ட் 1971-இல் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்து, 1972-இல் விற்பனைக்கு வந்த 555 டைமர் ஐசி, அதாவது மின்சாரத்தைச் சீரான இடைவெளியில் ஏற்றி இறக்கும் சில்லு, இதற்குக் கைகொடுத்தது. அதன் மூன்றாம் காலில் வரும் சதுர அலையை 1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி வழியாக ஒரு கம்பிக்கு அனுப்பினேன். மின்தேக்கி நேர்மின்சாரத்தைக் கடக்க விடாது. மறு கம்பியில் வருவதை, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் இரண்டு 1என்4148 டையோடுகள் ஒருதிசையாக்கி 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியில் சேர்க்கின்றன. அங்கிருந்து அது டார்லிங்டன் முறையில், அதாவது ஒன்று பெருக்கியதை மற்றொன்று மேலும் பெருக்கும்படி, இணைத்த இரண்டு பிசி547-க்குப் போகிறது. 555 ஓய்வில்லாமல் சில மில்லி ஆம்பியர் குடிக்கும் என்பதால் பேட்டரியைக் கைவிட்டு, பழுதான இணைய ரவுட்டரோடு வந்த 12 வோல்ட் அடாப்டரை மாட்டினேன். அடாப்டரை மிச்சப்படுத்த எண்ணி, மின்மாற்றி இல்லாமல் மின்தேக்கியை மட்டும் வைத்து 230 வோல்ட்டைக் குறைக்கும் சுற்றை இங்கே யாரும் பயன்படுத்தவே கூடாது. தொட்டி நீரில் கை வைப்பவரின் உயிருக்கு அது ஆபத்து.

555-இன் அலை வேகத்தைத் தீர்மானிக்கும் இரு மின்தடைகளையும் மின்தேக்கியையும் முதலில் 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 0.01 மைக்ரோ ஃபாரட் என்று வைத்ததில் அதிர்வெண் சுமார் 1050 ஹெர்ட்ஸ் வந்தது. மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரில் கச்சிதமாக வேலை செய்த சுற்று, மாடியில் மாட்டியதும் தொட்டி பாதி காலியாக இருக்கும்போதே கூவியது. 15 மீட்டர் அருகருகே ஓடும் இரண்டு கம்பிகள் தாமே ஒரு சிறு மின்தேக்கி என்பதும், அதன் வழியே கசியும் மின்சாரம் அதிர்வெண்ணுக்கு ஏற்பக் கூடும் என்பதும் எனக்குத் தெரிந்தவைதான். ஆனாலும் உறைக்க இரண்டு நாட்கள் ஆயின. டைமரின் மின்தேக்கியை 0.1 மைக்ரோ ஃபாரடாக மாற்றி அதிர்வெண்ணை 105 ஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். கசிவு பத்தில் ஒன்றானது. இந்த முறை போட மறந்திருந்த 100 கிலோ ஓமைப் பேஸில் சேர்த்ததும் பொய்க்கூவல் அடங்கியது.

செம்புக் கம்பிகளுக்குப் பதிலாக இரண்டு எவர்சில்வர் திருகாணிகளை வைத்து ஆறு மாதங்கள் ஆகின்றன. சென்ற ஞாயிறு மூடியைத் திறந்து பார்த்தேன். களிம்பு இல்லை, எங்கள் உப்பு நீர் விட்டுச்சென்ற வெள்ளைப் படிவு மட்டும் இருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷால் அதைத் தேய்த்துவிட்டு மூடினேன்.