வேலூர் காயலாங்கடையில் டிங்கியின் தடம்

காட்பாடி ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் அரை மணிக்குள் வேலூர்க் கோட்டை. பழைய பொம்மை கார் தேடி வருகிறவர்களுக்குக் கோட்டை, அகழியோடு சரி. வேலை இருப்பது லாங்கு பஜாரை ஒட்டிய சந்துகளில், பித்தளையும் அலுமினியமும் எடைக்கு எடுக்கும் காயலாங்கடைகளில். காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். மே மாதமென்றால் அதற்கு மேல் உலோக கார் கையில் நிற்காது, அப்படிச் சுடும்.

பையில் இருக்க வேண்டியவை: சின்னக் காந்தம், பத்து மடங்கு லென்ஸ், துல்லியமாக அளக்க வெர்னியர், பட்டர் பேப்பர், 2பி பென்சில்.

"பாய், பழைய பொம்மை கார் ஏதாச்சும் இருக்கா?" என்றால், "தகரமா, ஈயமா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நல்ல கேள்விதான். அவர்கள் ஈயம் என்பது உண்மையில் துத்தநாகக் கலவை. அதில் சுமார் 4 சதவீதம் அலுமினியம். காந்தம் பாடியில் ஒட்டினால் தகரம். பாடியில் ஒட்டாமல் அடித்தகட்டிலும் அச்சாணியிலும் மட்டும் ஒட்டினால் உட்கார்ந்து பார்க்கலாம்.

தேடுவது நிக்கி டாய்ஸ். லிவர்பூல் பின்ஸ் ரோட்டில் மெக்கானோ கம்பெனி 1934 முதல் டிங்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் விற்றது; அந்தத் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. அதற்குப் பல வருஷம் முன்பே, 1960களின் பிற்பகுதியில், ஓய்ந்துபோன மாடல்களின் டை (வார்ப்பு அச்சு) சில கல்கத்தாவுக்கு வந்தன. ஜாகுவார் இ-டைப், ஃபோக்ஸ்வாகன் 1500, ட்ரையம்ஃப் விட்டெஸ் போன்றவை இங்கே மறுபடி வார்க்கப்பட்டன. டிங்கி பெயரைப் போட முடியாது என்பதால் நிக்கி ஆனது. எப்போது வார்த்தார்கள் என்பதை, காரைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றில்தான் ஊகிக்க வேண்டும்.

ஃபோன் டார்ச்சை அடித்தகட்டுக்குப் படுக்கை வாட்டமாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் பழைய பெயரை அழித்த மேடு பள்ளம் எழும்பி வரும். அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து மெல்லத் தேய்த்தால் எழுத்து பேப்பரில் ஏறிவிடும். பழைய பெயரின் மிச்சம் தெரிகிறது என்றால் கை மாறிய புதிதில் வார்த்தது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து கதவுக் கோடு. டை தேயத் தேய கோடு மழுங்கும், இரண்டு பாதியும் சேரும் இடத்தில் பிசிறு கூடும். ஒரே மாடலில் இரண்டு கிடைத்தால் எது முந்தியது என்று இதை வைத்தே வரிசைப்படுத்தலாம். ஒன்றை மட்டும் வைத்துச் சொல்வது ஜோசியம்.

அதே டையில் வந்ததா, காரையே மாதிரியாக வைத்து எடுத்த நகலா என்பதற்கு வெர்னியர். துத்தநாகக் கலவை ஆறும்போது ஏறக்குறைய 0.6 சதவீதம் சுருங்கும். ஒன்பது சென்டிமீட்டர் காருக்கு அது அரை மில்லிமீட்டர். டிங்கியை விட அந்த அளவு குட்டையாக இருந்தால் நகல்.

ரிவெட்டையும் விடாதீர்கள். பெயிண்ட் அடித்த பிறகுதான் அடித்தகட்டை மாட்டி ரிவெட்டை அடிப்பார்கள். அதனால் ரிவெட் தலையில் உலோகம் தெரிய வேண்டும். அங்கேயும் வழவழப்பாக பெயிண்ட் படிந்திருந்தால் பின்னால் யாரோ அடித்த பெயிண்ட். துளை போட்டு ஸ்க்ரூ மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

1980களின் பிற்பகுதியில் ப்ளோ பிளாஸ்ட் கம்பெனி, அமெரிக்காவின் மேட்டலோடு சேர்ந்து லியோ பெயரில் விட்ட ஹாட் வீல்ஸ் கார்களும் குவியலில் வரும். ஹாட் வீல்ஸ் அடியில் உள்ள வருஷம் அந்த டிசைனின் பதிப்புரிமை (காப்பிரைட்) வருஷம். கார் செய்த வருஷம் அல்ல. பேரத்தில் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 2008 முதல் வந்தவற்றில் எழுத்தும் எண்ணும் சேர்ந்த தனிக் குறி உண்டு: எழுத்து வருஷம், எண் வாரம்.

சிலந்தி வலை மாதிரி விரிசல், வளைந்த பாடி, உப்பிய பெயிண்ட் இருந்தால் வாங்காதீர்கள். உருக்கும்போது நிஜமான ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டதன் விளைவு அது, 0.005 சதவீதமே அதற்கு உச்ச வரம்பு. ஈரக்காற்றில் விரிசல் வளரும், மருந்து கிடையாது. பக்கத்துக் காருக்குத் தொற்றும் என்பது மட்டும் வெறும் பயம்.

வீட்டுக்கு வந்ததும் புளி, எலுமிச்சை பக்கமே போகக் கூடாது. பித்தளைக்குப் பளபளப்பு, துத்தநாகத்தை அரித்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும். அச்சாணியில் தண்ணீர் தேங்காமல் ஊதிக் காயவைக்க வேண்டும்.

வாங்காத காரையும், உடைந்ததையும் கூட, அடித்தகட்டை மட்டும் போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை போகும்போது அது தராசில் ஏறி உலைக்குப் போயிருக்கும்.