சிரட்டையில் அரித்த கறுமணல்

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு கலவை பிரிக்கும் வேலையில் இறங்கி நாலு ஞாயிறு ஆகிவிட்டது. தமிழக, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அண்ணன் குடும்பம் அந்தப் பக்கம், பாறசாலையில். அண்ணன் மகனும் ஆறாம் வகுப்புதான், மலையாளத்தில் படிக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே பாடம் வந்ததால் சேர்ந்தே செய்து பார்க்கலாம் என்று தொடங்கினோம்.

முதல் ஞாயிறு சுளவு, அதாவது முறம். உமி, குருணை, கல் எல்லாம் கலந்த ஒரு படி அரிசியை அம்மாவிடம் கொடுத்தோம். அம்மா முதலில் சுளவைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். உமி முன்பக்கமாகப் பறந்தது. அது புடைத்தல். பிறகு சுளவைச் சற்றே சாய்த்துப் பக்கவாட்டில் ஆட்டினாள். குருணை ஒரு பக்கமும் அரிசி ஒரு பக்கமுமாக ஒதுங்கின. அது கொழித்தல். பாடத்தில் தூற்றுதல் என்ற ஒரே சொல்தான் இருந்தது. "ரெண்டும் வேற வேற வேலையா பாட்டி?" என்று மகள் கேட்டாள். "பின்னே? அதுல காத்து வேல செய்யும், இதுல கைதான். சுளவ இறுக்கிப் பிடிக்காத மக்ளே, கை வளையணும்" என்றாள் அம்மா. அண்ணன் மகன் தன் நோட்டில் 'முறம், பாற்றுக' என்று மலையாளத்தில் எழுதிக்கொண்டான்.

அன்றைக்கே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எதைப் பிரிப்பதாக இருந்தாலும், இரண்டும் எதில் வேறுபடுகின்றன என்று முதலில் நோட்டில் எழுத வேண்டும். எடையிலா, பருமனிலா, கரைவதிலா, காந்தத்திலா? எழுதிய பிறகுதான் கையை வைக்க வேண்டும்.

இரண்டாம் ஞாயிறு கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனோம். எனக்கு இதில்தான் ஆசை அதிகம். தென்மேற்குப் பருவத்து அலை அடித்து ஓய்ந்த பிறகு, வெள்ளை மணலின் மேல் கறுப்பு வரி வரியாகக் கிடக்கும். சின்ன வயதில் அதை அழுக்கு என்று நினைத்திருக்கிறேன். மலைப்பாறைகள் உதிர்ந்து, ஆறுகளோடு இறங்கிக் கடலுக்கு வந்த கனிமங்கள் அவை. அலை கரையேறும்போது எல்லா மணலையும் கொண்டுவருகிறது. திரும்பும்போது இலேசானதை இழுத்துக்கொண்டு போகிறது, கனமானது தங்கிவிடுகிறது. அம்மா சுளவில் செய்ததைக் கடல் கரையில் செய்கிறது. அலை கொழித்தது என்று நம்மவர்கள் சொல்லிவைத்த சொல்லின் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் பிடிபட்டது.

கண் இல்லாத பாதிச் சிரட்டையை, அதாவது கொட்டாங்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கண் உள்ள பாதி ஒழுகும். மூன்றில் ஒரு பங்கு மணலை அள்ளி, தண்ணீர் விட்டு, வட்டமாகச் சுழற்றிச் சற்றே சாய்த்தால் வெண்மணல் விளிம்பு வழியே வழிந்து போகும். பத்துப் பன்னிரண்டு சுற்றில் அடியில் மை போலக் கறுப்பு தங்கிவிடும், அதன் ஓரத்தில் குங்குமக் கோடு போல ஒரு சிவப்பு. கறுப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம், சிவப்பு கார்னெட் என்ற கனிமம்.

ஒரே அளவு தண்ணீரின் கனத்தை 1 என்று வைத்தால் வெண்மணல் 2.65, கார்னெட் 4 சொச்சம், இல்மனைட் ஏறக்குறைய 4.7. காற்றில் பார்த்தால் ஒரே அளவு இல்மனைட் வெண்மணலைப் போல 1.8 மடங்கு கனம். தண்ணீருக்குள் தண்ணீர் தூக்கிவிடுவதால் இரண்டிலும் 1 கழிந்துவிடும். 3.7-க்கு 1.65 என்றால் 2.2 மடங்குக்கு மேல். சுளவில் சரியாக ஒதுங்காத மணல் சிரட்டைத் தண்ணீரில் ஒதுங்கியதற்கு இதுதான் காரணம். அரிசியைக் கல் போகத் தண்ணீரில் அரிப்பதும் இதே கணக்குதான். அண்ணன் மகன் இந்தக் கழித்தலைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு சிரட்டை அரித்தான்.

அடுத்து காந்தம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தத்தைக் கொண்டுபோயிருந்தேன். அரித்த ஈர மணலிலேயே அதை வைத்ததுதான் என் தவறு. கட்டி கட்டியாக ஒட்டியதில் பாதி வெள்ளை. மணலைத் தாளில் பரப்பி வெயிலில் காயவைத்த பிறகும் ஏதோ சில துகள்தான் எழும்பின. இல்மனைட்டில் இரும்பு இருக்கிறது, ஆனால் இரும்பாணி போல அது ஓடிவந்து ஒட்டாது. பலவீனமான ஈர்ப்புதான். காந்தம் வலுவானதாக வேண்டும்.

இந்த மணல் உலகத்துக்குத் தெரியவந்த கதையைப் பிள்ளைகளுக்கு அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரில் இருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். அதில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது. மணவாளக்குறிச்சி அன்றைக்குத் திருவிதாங்கூர்தான், 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. இன்றைக்கு அங்கே இருக்கும் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல் மணல் ஆலையிலும் கனம், காந்தம், மின்சாரம் கடத்தும் தன்மை என்று வேறுபாடுகளை வைத்துத்தான் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். கறுப்பு இல்மனைட்டில் இருந்து கிடைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் சேர்கிறது என்றதும் மகள் கையில் இருந்த மணலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மோனசைட் கதிரியக்கம் உள்ளது. அதனால் மணலை வீட்டுக்கு எடுத்துவரவில்லை. வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு, கை கழுவிய பிறகுதான் சாப்பிட்டோம்.

கடல் தண்ணீரை மட்டும் கேனில் கொண்டுவந்தோம். முதல் லிட்டரைத் துணியில் வடிகட்டி அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினேன். சாம்பல் நிறத்தில் ஏதோ கிடைத்தது. நாக்கில் வைத்தால் கசப்பு, மறுநாள் ஈரம் கசிந்து கிடந்தது. உப்பளத்தில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் காட்டினேன். "முழுசா வத்த விட்டா அப்பிடித்தான் இருக்கும். நாங்க உப்ப வாரிட்டு, மிச்சத் தண்ணிய வெளிய விட்டுருவோம்லா" என்றார். அந்த மிச்சத் தண்ணீரில்தான் கசப்பான மக்னீசிய உப்புகள் இருக்கின்றன. ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் 35 கிராம் போல உள்ளதில் சாப்பாட்டு உப்பு 27 கிராம்தான்.

இரண்டாவது தடவை 2 லிட்டரை அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி, மேலே வலை கட்டி மொட்டைமாடியில் வைத்தோம். ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தபோது அடியில் மாவு போல வெள்ளைப் படிவு வந்தது. அது உப்பு இல்லை, ஜிப்சம். தெளிவை மட்டும் வேறு தட்டுக்கு இறுத்துக்கொண்டோம். 200 மில்லிக்குக் கீழே போனதும் மேல்பரப்பில் மிதந்து வந்தன நடு குழிந்த சின்னச் சதுரங்கள். லென்ஸில் பார்த்தால் படிக்கட்டு இறங்கும் தெப்பக்குளம் போலவே ஒவ்வொன்றும். கனம் கூடியதும் ஒவ்வொன்றாக மூழ்கின. 70 மில்லி மிச்சம் இருக்கும்போது நிறுத்தி, உப்பை வாரி உலர்த்தினோம். 44 கிராம். கசப்பு இல்லை.

நாலாம் ஞாயிறு மறுபடி மணவாளக்குறிச்சி. இந்தத் தடவை, பழைய சாமான் விற்கும் ஆக்கர் கடையில் வாங்கிய பழைய ஹார்டு டிஸ்கில் இருந்து எடுத்த, வலுவான நியோடிமியம் காந்தம். அதை பிளாஸ்டிக் கவரில் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். கவரை உருவினால் மணல் தானாக விழும், இல்லையென்றால் காந்தத்தில் இருந்து மணலைச் சுரண்டி எடுக்க முடியாது. காய்ந்த மணலின் மேல் கொண்டுபோனதும் கறுப்புத் துகள்கள் மயிர்க்கூச்செறிந்தது போல நின்று எழும்பின. ஆனால் கார்னெட்டும் சேர்ந்தே வந்தது. அதுவும் காந்தத்துக்குக் கொஞ்சம் இசையும், இல்மனைட் அளவுக்கு இல்லை.

மகள் நோட்டின் பின் அட்டையைக் கிழித்து, நாலு துண்டாக்கிக் காந்தத்துக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒரு அட்டை வைத்தபோது இரண்டும் வந்தன. இரண்டு வைத்தபோது சிவப்பு குறைந்தது. நாலு அட்டைக்கு அப்பால் கறுப்பு மட்டும் எழும்பியது. தாளில் கார்னெட் சிவப்பாக மிஞ்சிக் கிடந்தது.