சோளக்கதிர்ப் பிடியும் ஒரு டப்பா கண்மையும்

3 ஆகஸ்ட் 2024, சனி. ரவுண்ட் ராக், டெக்சஸ்

புறா வேட்டை சீசனுக்கு இன்னும் நாலு வாரம். அலமாரியைத் திறந்து என் மாஸ்பெர்க் 500 பம்ப் துப்பாக்கியை வெளியே எடுத்தேன். குடியுரிமை வந்த வருஷம் அடகுக்கடையில் பழசாக வாங்கியது. 12 கேஜ், ஊரில் 12 போர் என்போமே, அதே அளவு. தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் தடவிப் பார்த்த பிறகு கையில் பிடித்தேன். லொடலொட!

சத்தம் முன்பிடியில். பம்ப் துப்பாக்கியில் இடது கை பிடிக்கும் இடம் அது. பின்னால் இழுத்தால் காலித் தோட்டா வெளியே வரும், முன்னால் தள்ளினால் அடுத்தது உள்ளே போகும். என்னுடையது கறுப்பு பிளாஸ்டிக். வியர்த்த கையில் வழுக்குகிறது, பின்கட்டை மரம் என்பதால் பார்க்கவும் பொருந்தவில்லை. வால்நட் மரத்தில் வரிவரியாகக் கடைந்த பழைய பாணிப் பிடி ஒன்றை ஆர்டர் செய்தேன். இதற்கு இங்கே கார்ன்காப் என்று பெயர். பார்க்க உரித்த சோளக்கதிர் மாதிரியே இருக்கும். மரம் இறுக்கமாக உட்கார்ந்தால் ஆட்டமும் நிற்கும் என்று கணக்கு.

8 ஆகஸ்ட், வியாழன்

பார்சல் வந்துவிட்டது. செருப்பு வந்த மாதிரி வாசலில் கிடந்தது. சட்டப்படி துப்பாக்கி என்பது சீரியல் நம்பர் அடித்த ரிசீவர்தான், அதாவது மற்ற பாகங்கள் எல்லாம் மாட்டும் நடு உடல். பிடி வெறும் மரக்கட்டை, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மணல்தாள்கூடப் படாத மரம், மேலே இன்னும் தூள் ஒட்டியிருக்கிறது. வாசனை அருமை.

10 ஆகஸ்ட், சனி

கழற்றும் நாள். பீப்பாய் சுலபமாக வந்தது. ரிசீவரில் ஒரே ஒரு ஊசியைத் தட்டினால் டிரிகர் பெட்டி முழுசாகக் கையோடு வந்துவிடும். கூடவே இரண்டு மெல்லிய எஃகுத் தகடுகள் மடியில் விழுந்தன. எது இடது, எது வலது? முன்கூட்டியே போட்டோ எடுத்து வைத்ததால் பிழைத்தேன்.

பிடியை உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு சேர்த்து இறுக்குவது முன்னால் இருக்கும் ஒரு வட்ட நட். அதில் இரண்டு காடிகள் மட்டும் உண்டு, ஸ்பானர் பிடிக்க முகம் கிடையாது. கூர்மூக்குக் குறடு வைத்துத் திருகி, நட்டையும் கையையும் கீறிக்கொண்டவர்கள் ஏராளம். நான் ஒரு தகட்டுத் துண்டை அராவி, இரண்டு பல் வைத்த சாவி செய்தேன். அரைமணி வேலை. நட் ஒரே திருகில் கழன்றது. இன்றைக்குச் சந்தோஷப்பட்டது அதற்கு மட்டும்தான்.

ஏனென்றால் புதுப் பிடியை மாட்டினால் குழாய் உள்ளேயே நின்றுவிட்டது, நட் மரையைத் தொடவே இல்லை. அப்புறம்தான் ஸ்கேல் வைத்து அளந்தேன். மாஸ்பெர்க் 500-இன் குழாய் இரண்டு நீளத்தில் வருகிறது: 6¾ அங்குலம், 7¾ அங்குலம். என்னுடையது குட்டை, நான் வாங்கியது நெட்டைக்கானது. அளக்காமல் ஆர்டர் கொடுத்தது என் தப்பு. திருப்பி அனுப்பலாம், ஆனால் மரத்தின் ரேகை மனசில் உட்கார்ந்துவிட்டது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

அறுப்பது என்று முடிவு. முன்பக்கமா, பின்பக்கமா? பின்பக்கத்தில், பிடியின் அசைவை ரிசீவருக்குள் கொண்டுபோகும் இரண்டு இழுதண்டுகளுக்கும் செதுக்கிய பள்ளம் இருக்கிறது. அதைத் தொட்டால் எல்லாம் போச்சு. ஆகவே முன்னால். மரம் சிலாம்பு விடாமல் இருக்க டேப் சுற்றி, பல் நுணுக்கமான ரம்பத்தால் ஓர் அங்குலம் அறுத்தேன். கதிரில் இரண்டு வரி போயிற்று. நட் உட்காரும் பள்ளமும் அறுத்த துண்டோடு போய்விட்டதால் புதிதாகத் தோண்ட வேண்டியிருந்தது. கையால் துளை போட்டால் கோணும். கடைசல் மெஷின் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் பத்து நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தார். கூலி கேட்டேன், மசால் வடை என்றார்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

ஆபீஸ் முடிந்து வர ஒன்பது. தொடவில்லை.

17 ஆகஸ்ட், சனி

இன்று முழுக்க ஒரே வேலை. குழாய் பாதி தூரம் போய் இறுகிக்கொள்கிறது. உள்ளே எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இதற்குத் துப்பாக்கிக் கொல்லர்கள் எஃகின் மேல் கரி பூசுவார்கள், சிலர் லிப்ஸ்டிக்கும் பூசுவார்கள். வீட்டில் லிப்ஸ்டிக் இல்லை. மனைவியின் கண்மை டப்பா இருந்தது.

குழாயில் விரலால் மெல்லிசாக மை தடவி, மரத்துக்குள் தள்ளி, திருப்பாமல் நேராக வெளியே இழுத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்சுவரில் ஒரு பக்கம் மட்டும் உளுந்தளவில் மூன்று கறுப்புப் பொட்டு. அங்கே மட்டும் மரம் மேடு. குச்சியில் 120 நம்பர் மணல்தாளைச் சுற்றி அந்தப் பொட்டு மறையும் வரை தேய்த்தேன். மறுபடி மை, மறுபடி தள்ளு. இந்த முறை பொட்டு வேறு இடத்தில். பதினான்காவது தடவை சுவர் முழுக்க ஒரே சீராக மை படிந்தது. குழாய் பெட்டிக்கு மூடி போடுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பீப்பாய்க்குக் கீழே மட்டும் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி விட்டேன், மரம் பீப்பாயை உரசக் கூடாது.

டப்பா காலி. மாலையில் விசாரணை நடந்தது. இரண்டு டப்பா வாங்கித் தருவதாக உடன்பாடு.

18 ஆகஸ்ட், ஞாயிறு

முதல் பூச்சு, ஆளிவிதை எண்ணெய். வெளிறிக் கிடந்த மரம் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. உள்பக்கமும் நட் பள்ளமும் அதிகமாகவே குடித்தன. துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடக்கூடாது. இந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்து வேலியில் காயப்போட்டேன். ஒரு நாளுக்கு ஒன்றாக இன்னும் நாலு பூச்சு.

24 ஆகஸ்ட், சனி

மாட்டியாயிற்று. நட்டை அளவாகத்தான் இறுக்கினேன், வெறியோடு திருகினால் மரம் பிளந்துவிடும். டம்மி தோட்டா போட்டு ஐம்பது முறை இழுத்துத் தள்ளினேன். வரிகள் விரலுக்கு நன்றாகப் பிடிமானம் கொடுக்கின்றன.

ஆட்டினேன். லொடலொட!

மரமும் குழாயும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல்தான் இருக்கின்றன. ஆட்டம் அதில் இல்லை. அந்தக் குழாய், பீப்பாய்க்குக் கீழே தோட்டாக்களை அடுக்கி வைக்கும் தோட்டாக் குழாயின் மேல் தளர்வாக ஓடுகிறது. மண்ணும் தூசியும் சிக்கினாலும் ஓடட்டும் என்று கம்பெனியே விட்ட இடைவெளி அது. பிளாஸ்டிக்கைக் குறை சொன்னது வீண் பழி. என்ன மரம் போட்டாலும் இது போகாது.

25 ஆகஸ்ட், ஞாயிறு

இரவெல்லாம் அதே யோசனை. காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டிக் கேட்டேன். இரண்டு சத்தம்! பக்கவாட்டில் ஆட்டினால் ‘டக்டக்’, அது பிடி. முன்னும் பின்னும் சாய்த்தால் ‘கடகட’, அது வேறு. பீப்பாயைக் கழற்றித் தோட்டாக் குழாயைக் கவிழ்த்துக் குலுக்கினேன், பென்சில் மாதிரி ஒரு மரக்குச்சி வந்து விழுந்தது. வலசைப் பறவை வேட்டையில் துப்பாக்கி மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது என்பது மத்திய அரசு விதி. அதற்காகப் போடும் அடைப்புக் குச்சி அது. சத்தத்தில் பாதி இதனுடையது.

குச்சி இல்லாமல் துப்பாக்கி எவ்வளவு அமைதி! ஐந்து நிமிஷம் ரசித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். புறாவுக்கு அது இல்லாமல் போனால் அபராதம்.

1 செப்டம்பர், ஞாயிறு

சூரியன் வருவதற்கு அரைமணி முன்பே அறுத்த சோள வயலின் ஓரத்தில் உட்கார்ந்தோம். ஆளுக்குப் பதினைந்து புறா வரை அனுமதி, எனக்கு விழுந்தது நாலு. கை வழுக்கவில்லை. மூன்றாவது தடவை பம்ப் அடித்தபோது நண்பர் திரும்பிப் பார்த்து, “என்ன சார், பிடி புதுசு, சத்தம் பழசா இருக்கே?” என்றார்.

வீட்டுக்கு வந்து துடைக்கும்போது உள்ளங்கையில் லேசாகக் கறுப்பு. நட் பள்ளத்தில் எங்கேயோ இன்னும் கண்மை மிச்சம் இருக்கிறது.