நியூசிலாந்தின் தராருவா மலைக்கு ஒரு போல்ட் ரைஃபிள்: தேடியதும் வாங்கியதும்

கையில் இருந்தது 2,000 நியூசிலாந்து டாலர். துப்பாக்கி, ஸ்கோப் (மேலே மாட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கி), சைலன்சர் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மானுக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று என்று அடுக்கி வைக்க வீட்டில் இடமும் இல்லை, அனுமதியும் இல்லை (மனைவியின் அனுமதியைச் சொல்கிறேன்). ஆக, காட்டு ஆடு, பன்றி, சிவப்பு மான் எல்லாவற்றுக்கும் ஒரே ரைஃபிள்.

வேட்டை என்றதும் ஊரில் இருக்கிறவர்கள் முகம் சுளிப்பது புரிகிறது. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது, முடிந்ததும் சரிதான். நியூசிலாந்து அப்படியே தலைகீழ். வௌவாலைத் தவிர இந்த மண்ணுக்கென்று தரைப் பாலூட்டியே கிடையாது. மானும் ஆடும் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர்கள் கொண்டுவந்து விட்டவை. தின்று தடுக்க ஒரு புலியோ சிறுத்தையோ இல்லாததால், காட்டில் புதிதாக முளைக்கும் கன்றுகளை மேய்ந்தே தீர்த்துவிடுகின்றன. அதனால் பெரும்பாலான அரசுக் காடுகளில் சிவப்பு மானுக்குச் சீசனும் இல்லை, இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பும் இல்லை. வனத்துறையின் பெர்மிட்டுக்குக் காசும் கிடையாது.

லைசென்ஸ்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, நேரடிப் பயிற்சி வகுப்பு, பிறகு வீட்டுக்கே வந்து விசாரணை. மனைவியிடம் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். உறவினர் அல்லாத ஒருவரிடமும் என்னைப் பற்றிக் கேட்டார்கள். சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார்கள். தோட்டாவுக்கு வேறு இடம், வேறு பூட்டு. முதல் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குத் தந்தார்கள். 2023 ஜூனில் அரசின் துப்பாக்கிப் பதிவேடு தொடங்கியதிலிருந்து, வாங்கும் துப்பாக்கியின் எண்ணையும் அதில் ஏற்ற வேண்டும்.

இடைப்பட்ட மாதங்களில்தான் எதை வாங்குவது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள நேரம் கிடைத்தது.

எந்தக் காடு?

வெலிங்டனில் பல வருடமாக வேட்டைக்குப் போகிற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நான் தோட்டா அளவுகளை ஒப்பிட்டு எழுதிய பட்டியலைக் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். “தம்பி, துவக்கைப் பற்றிக் கதைக்க முதல், எந்தக் காட்டுக்குப் போகப் போறீர் எண்டு சொல்லும்” என்றார்.

தராருவா என்றேன், வெலிங்டனுக்கு வடக்கே இருக்கிற மலைக்காடு. தெற்குத் தீவின் மலை எல்லாம் திறந்த வெளி, அங்கே 300 மீட்டர் தள்ளிப் படுத்துக்கொண்டு சுடுகிறவர்கள் உண்டு. தராருவா அப்படி இல்லை. செங்குத்தான சரிவு, நனைந்த பாசி, முகத்தில் அடிக்கிற கிளை. மானைப் பார்க்கிற தூரம் பெரும்பாலும் 50 மீட்டர், நூறு வந்தாலே அதிகம். ஆற்றுப் படுகையிலோ மலை உச்சிப் புல்வெளியிலோ எப்போதாவது ஒரு 200 மீட்டர் வாய்ப்பு வரும். கூடவே மழை. அங்கே மழைக்கு நாள் நட்சத்திரம் எல்லாம் கிடையாது.

அந்தப் பேச்சோடு என் பட்டியல் திசை மாறிவிட்டது. குழல் நீளம், துரு, தோளில் எப்படி உட்காருகிறது என்பவை மேலே வந்தன. எல்லாரும் சண்டை போடுகிற தோட்டா அளவு கீழே போய்விட்டது.

ஏன் போல்ட்?

2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைக்குப் பிறகு, பாயின்ட் 22 போன்ற சிறு ரகங்கள் நீங்கலாகப் பெரும்பாலான செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும்) துப்பாக்கிகளைத் தடை செய்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. போல்ட் ரைஃபிளில் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. கைப்பிடியைத் தூக்கினால் பூட்டு விலகும், பின்னால் இழுத்தால் காலி உறை வெளியே தெறிக்கும், முன்னால் தள்ளினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறும், கைப்பிடியை இறக்கினால் மறுபடி பூட்டு. போல்ட்டை மொத்தமாக உருவிவிட்டால் குழலுக்குள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும்.

நம்ம ஊர் போலீஸ்காரர் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீயும் இதே போல்ட் வகைதான். 1930-களில் நியூசிலாந்து அரசு சம்பளம் கொடுத்து மான் சுட அனுப்பிய ஆட்கள் கையிலும் அதுதான் இருந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை அதே ரைஃபிளை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றிச் செய்தது. அந்த நேட்டோ தோட்டாவின் உடன்பிறப்புதான் வேட்டைக்காரர்கள் வாங்குகிற பாயின்ட் 308 வின்செஸ்டர்.

நானும் கடைசியில் 308-க்கே வந்தேன். 2007-இல் வந்த 6.5 கிரீட்மோர் நல்ல தோட்டாதான். உதை குறைவு, தூரத்தில் காற்றுக்கு அவ்வளவாக விலகாது. ஆனால் 80 மீட்டரில் நிற்கிற ஆட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியவா போகிறது? காட்டோரச் சின்ன ஊர்க் கடையிலும் 308 பெட்டி இருக்கும், மலிவு ரகமும் இருக்கும், குழலைக் குட்டையாக வைத்தாலும் வேகம் பெரிதாக அடிபடாது. 243 என்ற சின்னத் தோட்டா ஆட்டுக்குப் போதும், பெரிய சிவப்பு மானுக்குக் கொஞ்சம் நெஞ்சு படபடக்கும். அவ்வளவுதான், இதற்கு மேல் பேசினால் டீக்கடை அரசியல் ஆகிவிடும்.

கடையில்

முதலில் காலி என்று திறந்து காட்டச் சொல்லி, நானும் விரலை விட்டுப் பார்த்து, அப்புறம்தான் கையில் வாங்கினேன். சேவேஜ் ஆக்சிஸ், ரூகர் அமெரிக்கன், ஹோவா 1500, டிக்கா டி3எக்ஸ் நான்கும் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே சோதனை. கண்ணை மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் வைத்து, பிறகு கண்ணைத் திறப்பது. ஸ்கோப்பின் வட்டம் முழுசாகத் தெரிந்தால் அந்தக் கட்டை நமக்கு ஒத்துவருகிறது. ஓரத்தில் கருப்புப் பிறை தெரிந்தால் கழுத்தை நீட்டவோ குறுக்கவோ வேண்டியிருக்கும், மான் அதற்கெல்லாம் காத்திருக்காது. இங்கே விற்பவை ஆறடி ஆளுக்கு அளவெடுத்தவை. என் உயரத்துக்குப் பின்கட்டை நீளமாகத்தான் இருந்தது. போதாததற்குத் தடி மழைக்கோட்டு வேறு. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போயிருந்தேன். விற்பனையாளர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

இன்னொரு சோதனை ஐந்து டாலர் நோட்டு. இங்கே நோட்டு பிளாஸ்டிக், வழவழவென்று இருக்கும். குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் அதை நுழைத்து அடிவரை இழுத்தால் எங்கும் மாட்டக் கூடாது. பிறகு முன்கட்டையையும் குழலையும் சேர்த்துக் கையால் அழுத்திக்கொண்டே மறுபடி இழுக்க வேண்டும். மலிவு பிளாஸ்டிக் கட்டைகள் இதில்தான் மாட்டும். கட்டை வளைந்து குழலில் ஒட்டினால், பையின் மேல் வைத்துச் சுடும்போது ஒரு இடத்திலும் கையில் பிடித்துச் சுடும்போது வேறு இடத்திலும் குண்டு விழும். அன்றைக்குக் கடையில் இருந்த ரூகரில் நோட்டு நின்றுவிட்டது. குறி தவறாத துப்பாக்கி என்று அதற்கு நல்ல பெயர், இருந்தும் மனசு ஒப்பவில்லை. ஆக்சிஸ்தான் நான்கில் விலை குறைவு. போல்ட் மட்டும் மணல் விழுந்த மாதிரி நறநறவென்று வந்தது. சுடச் சுடச் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். சரி என்று திரும்ப வைத்துவிட்டேன்.

டிக்காவைத் தொட்டவர்கள் பாதிப் பேர் அங்கேயே பர்ஸைத் திறந்துவிடுகிறார்கள். ஃபின்லாந்தில் சாக்கோ தொழிற்சாலையில் செய்வது. மூன்று கிலோ கூட இல்லை, போல்ட் வெண்ணெய். ஆனால் அதை வாங்கினால் ஸ்கோப்புக்குப் பழைய பைனாகுலரைக் கட்ட வேண்டியதுதான்.

ஜப்பானில் செய்கிற ஹோவா அதைவிட அரைக் கிலோ கனம். மலை ஏறும்போது அந்த அரைக் கிலோ நன்றாகவே தெரிகிறது. எனக்குப் பிடித்தது அதன் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கிற பூட்டு. மூன்று நிலை. நடு நிலையில் வைத்தால் ட்ரிகர் பூட்டியபடியே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம். விறைத்த விரலோடு வழுக்குகிற சரிவில் துப்பாக்கியைக் காலி செய்கிற ஆளுக்கு அது பெரிய நிம்மதி. டிக்காவில் சேஃப்டியைப் போட்டால் போல்ட்டும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

எடுத்தது ஹோவா 1500. துருப்பிடிக்காத ஸ்டீல், பிளாஸ்டிக் கட்டை, 20 அங்குலக் குழல், நுனியில் மரை. சைலன்சர் மாட்டினால் நீளம் கூடிவிடும் என்பதால் குட்டைக் குழலாகவே கேட்டேன். நியூசிலாந்தில் சைலன்சருக்குத் தனி அனுமதி தேவையில்லை. சினிமாவில் வருகிற ‘புஸ்க்’ சத்தம் எல்லாம் பொய். 308-இன் வெடிச்சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், காது கெட 140 போதும். சைலன்சர் அதைக் காது தாங்கும் எல்லைப் பக்கம் இறக்கும், தோளில் விழுகிற உதையையும் குறைக்கும். ஸ்கோப் சாதாரண 3-9x40, மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும். காட்டுக்குள் எப்போதும் மூன்றிலேயே கிடக்கிறது.

ரேஞ்சில்

சுட்டுப் பழகும் மைதானத்தில் போல்ட்டை உருவி, குழல் வழியாகக் குறி அட்டையின் நடுவைப் பார்த்து, துப்பாக்கி அசையாமல் ஸ்கோப்பின் குறுக்குக் கோட்டை அதே இடத்துக்குத் திருப்பியாயிற்று. பிறகு 25 மீட்டரில் சுட்டேன். குண்டு 5 செ.மீ. இடதுபக்கம். என் ஸ்கோப்பின் திருகை ஒரு கிளிக் திருப்பினால், குண்டு விழும் இடத்தை 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும், 25 மீட்டரில் அதில் கால்வாசிதான். ஆக, வலதுபக்கம் 28 கிளிக். விரலில் டிக் டிக்கென்று எண்ணிக்கொண்டே திருப்பி, அடுத்ததைச் சுட்டால் கோட்டின் மேலேயே விழுந்தது. மனக்கணக்கு இப்படிக் கண்ணெதிரே அட்டையில் ஓட்டை போடுவதைப் பார்க்கிற சந்தோஷம் தனி.

அப்புறம் 100 மீட்டர். 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு ஒரு ரகம், 165 கிரெய்ன் ஒரு ரகம். முதல் ரகத்தில் மூன்று குண்டும் 4 செ.மீ. வட்டத்துக்குள், இரண்டாவதில் 3 செ.மீ.க்குள் விழுந்தன. இரண்டு ரகமும் ஒரே இடத்தில் விழவும் இல்லை, 165 தாழ்வாகப் போனது. சைலன்சரைக் கழற்றிச் சுட்டதில் குறி இன்னொரு பக்கம் போயிற்று. அதனால் 165, சைலன்சர் மாட்டியபடி என்று முடிவு செய்து, அதற்கு மட்டும் ஸ்கோப்பின் குறியைச் சரிசெய்து வைத்தேன்.

100 மீட்டரில் 5 செ.மீ. மேலே விழும்படி வைத்திருக்கிறேன். அப்படி வைத்தால் 200 மீட்டரில் இரண்டு மூன்று செ.மீ.தான் கீழே இறங்கும். மானின் நெஞ்சுக்கூட்டில் குண்டு பட வேண்டிய இடமே ஒரு சாண் அகலம் இருக்கும், எந்தக் கணக்கும் போடாமல் நடுவில் குறி வைக்கலாம். 300 மீட்டரில் ஒரு அடிக்கு மேல் விழும். அங்கே நான் சுடப் போவதில்லை.

காட்டில்

மேகசினில் தோட்டா, குழலில் ஒன்றும் இல்லை. நடப்பது எப்போதும் அப்படித்தான். இங்கே பாதுகாப்பு விதிகள் ஏழு. அதில் நாலாவதை எல்லாரும் அழுத்திச் சொல்கிறார்கள்: சுடப் போவது என்ன என்று சந்தேகமே இல்லாமல் தெரிய வேண்டும். புதர் ஆடியதை மான் என்று நினைத்துச் சக வேட்டைக்காரரையே சுட்ட சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. கொம்பு தெரிந்தால் போதாது, முழு உடம்பும் தெரிய வேண்டும் என்பார் அண்ணன்.

முதலில் கிடைத்தது ஆடு. ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில், 60 மீட்டர் இருக்கும். பின்னால் மண்சரிவு, குண்டு தாண்டிப் போக வழியில்லை. பையின் மேல் முன்கட்டையைச் சாய்த்து ஒரே குண்டு. தொடையையும் முதுகுக் கறியையும் தூக்கிக்கொண்டு ஏறிய ஏற்றத்தில் ஹோவாவின் அரைக் கிலோவை மனசாரத் திட்டினேன். அண்ணன் வீட்டில் யாழ்ப்பாணத் தூள் போட்டுக் கறி. நான் குக்கரில் ஐந்து விசில் விட்டும் கொஞ்சம் நாராகத்தான் இருந்தது. “இன்னும் வேக விட்டிருக்கோணும்” என்றார், தட்டை நீட்டியபடியே.

மழையில் நனைந்து வந்தாலும் வெளியே துரு இல்லை. ஸ்கோப்பைப் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூக்கள் மட்டும் சாதா இரும்பு, தலையில் செம்பழுப்புப் புள்ளி வந்திருந்தது. எண்ணெய் தொட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்து செம்புக் குண்டு. ஈயக் குண்டு உடைந்து கறிக்குள் துகளாகச் சிதறும், வீட்டில் சின்னக் குழந்தை சாப்பிடுவதால் அதை மாற்ற நினைக்கிறேன். பெட்டி விலை கூட. குறியையும் முதலிலிருந்து வைக்க வேண்டும். இரண்டு ரகம் வாங்கி வைத்திருக்கிறேன், காற்று அடங்குகிற ஒரு சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போக வேண்டும்.