வரிசையில் நிற்கும் விமானங்கள்

மார்ச் 3, செவ்வாய்
சக்கரத்தை இறக்கிக்கொண்டு ஒரு விமானம் பம்மல் மாடிக்கு மேலே போனது. விமானங்கள் ரேடியோவில் சொல்லும் இடத்தை ஒரு டாங்கிளால் (யூஎஸ்பி ரிசீவர்) பிடித்து, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் பிரித்து, லேப்டாப்பில் காட்டுவது என் செட்டப். மடியில் இருந்த லேப்டாப்பில் அதே விமானம் இன்னும் காஞ்சிபுரத்தைத் தாண்டவில்லை. காலையில் இந்த வித்தியாசம் இல்லை. புரோகிராம் பிடித்திருக்கும் மெமரி 410 எம்பி. தம்பி டிக்கெட் போடவில்லை.

மார்ச் 4
மெமரி 690.

மார்ச் 5, வியாழன்
அப்பா தூங்கிய பிறகு க்னூ ரேடியோவின் (ரேடியோ சிக்னலைப் பிரிக்கும் இலவச மென்பொருள்) சோர்ஸ் கோடைப் பிரித்து உட்கார்ந்தேன். சாம்பிள் (சிக்னலின் அளவீடுகள்) ஓடுகிற வழியில் பஃபருக்கு, அதாவது தற்காலிகத் தொட்டிக்கு, அளவு உண்டு. கீழே இருக்கிற பிளாக் (வேலையின் ஒரு கட்டம்) மெதுவானால் பஃபர் நிரம்பும், மேலே இருப்பது தானாக நிற்கும். பிரித்தெடுத்த மெசேஜ் போகும் வழியில் யாரும் யாரையும் நிறுத்துவதில்லை. ஒரு வரம்பு இருக்கிறதே என்று நம்பியிருந்தேன். அது ஹேண்ட்லர் (வரும் மெசேஜைக் கையாளும் ஃபங்ஷன்) இல்லாத போர்ட்டுக்கு, அதாவது நுழைவாய்க்கு, மட்டுமாம்! மெசேஜைப் படித்துப் பொருள் சொல்லும் என் பைத்தான் டீகோடருக்கு ஹேண்ட்லர் இருக்கிறது, ஆகவே மெசேஜ்கள் காத்திருக்கும் க்யூ எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம். மெசேஜுக்கு ஒரு எஸ்கியூலைட் கமிட் (டேட்டாபேஸில் எழுதி உறுதிசெய்வது) வேறு, அதுவும் எஸ்டி கார்டில். ராஸ்பெர்ரி பை பாவம், என்ன செய்யும்.

மார்ச் 6
டோக்கன் முறை: டோக்கன் இருந்தால்தான் மெசேஜ் அனுப்பலாம். 32 டோக்கன். டீகோடர் ஒரு மெசேஜை முடித்தால் ஒரு டோக்கனை மேலே திருப்பி அனுப்பும். தீர்ந்துவிட்டால் டிமாடுலேட்டர் (சாம்பிளிலிருந்து மெசேஜைப் பிரிக்கும் பிளாக்) காத்திருக்க வேண்டும். முதலில் அதை வொர்க் ஃபங்ஷனுக்குள்ளேயே (சாம்பிளை வாங்கி வேலை செய்யும் பகுதி) காத்திருக்க வைத்தேன், எல்லாம் அப்படியே உறைந்துவிட்டது. டோக்கனை வாங்கும் ஹேண்ட்லரும் அதே திரெட்டில்தான் (ஒரு நேரத்தில் ஒரு வேலையே செய்யும் ஓட்டம்) ஓடுகிறது. அதை நிறுத்தி வைத்தால் யார் வாங்குவது? பூஜ்யத்தைத் திருப்பிக்கொடுத்து வெளியே வரச் செய்ததும் ஓடியது. மெமரி அசையவில்லை. பத்து நிமிடம் சந்தோஷம். அப்புறம் திரை முழுக்க 'ஓ', 'ஓ', 'ஓ'. ஓவர்ரன், சாம்பிள் தவறிவிட்டது என்று அர்த்தம். டாங்கிள் நொடிக்கு 20 லட்சம் சாம்பிள் தள்ளுகிறது, அதைக் காத்திரு என்று சொல்ல முடியுமா? உள்ளே அடைத்தது வாசலில் கொட்டுகிறது. வாசலில் கொட்டினால் எது போனது என்றுகூடத் தெரியாது.

மார்ச் 7
ஆஸ்பத்திரி. நாள் முழுக்க.

மார்ச் 8, ஞாயிறு
கொட்டத்தான் வேண்டுமென்றால் நானே பார்த்துக் கொட்டுகிறேன். விமானம் தன் இடத்தை நொடிக்கு இரண்டு முறை சொல்கிறது, பெயரை 5 நொடிக்கு ஒரு முறைதான். இடம் ஒன்று தவறினால் குடி முழுகிவிடாது. டோக்கன் இல்லாத நேரத்தில் விமானத்துக்கு ஒரே ஒரு இட மெசேஜ், புதியது வந்தால் பழையது போகட்டும் என்று எழுதினேன். பாதி விமானங்களைக் காணோம். இட மெசேஜ் இரட்டை, ஒற்றை என்று இரண்டு வகையாக மாறி மாறி வருவதில் இரண்டும் 10 நொடிக்குள் கிடைத்தால்தான் முதல் தடவை இடம் தெரியும். இது மூன்று வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம். தூக்கம் இல்லை, வேறென்ன. இப்போது விமானத்துக்கு இரட்டையில் ஒன்று, ஒற்றையில் ஒன்று.

மார்ச் 9
தம்பி போனை எடுக்கவில்லை. 'ஓ' வரவில்லை.

மார்ச் 10
கமிட்டை நொடிக்கு ஒன்று ஆக்கினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மூன்று மணி நேரமாக மெமரி 212. அப்பா கஞ்சி குடித்தார், பாதி.

மார்ச் 11
டோக்கனை 8 ஆக்கிப் பார்த்தேன். "அக்கா, போர்டிங்" என்று தோஹாவிலிருந்து ஒரு வரி வந்திருக்கிறது. போர்வையோடு மாடிக்கு வந்தாயிற்று. நானும் வருகிறேன் என்கிறார் அப்பா. படி ஏறக் கூடாது என்று