இதுதான் அதுவா?

வாடிக்கையாளர் ஒருவரின் டேட்டாபேஸ் ஃபைலின் நடுவில் சரியாக 4096 பைட் கெட்டிருந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்த ஒரு பிளாக்கில் (டிஸ்கில் இடம் ஒதுக்கும் ஒரு துண்டு) மட்டும் அதே வால்யூமில் ஓடிய இன்னொரு புரோகிராமின் சிஸ்லாக் வரிகள், அதாவது சிஸ்டம் நிகழ்வுப் பதிவுகள், தேதியும் நேரமுமாக. பிளாக் எல்லையில் தொடங்கி பிளாக் எல்லையில் முடிந்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு, டிஸ்கில் எந்த ஃபைல் எங்கே என்று பார்த்துக்கொள்ளும் ஃபைல் சிஸ்டத்தின் மேல்தான் சந்தேகம். அது எங்களுடைய சொந்த ஃபைல் சிஸ்டம்.

ஃபைலின் நடுவில் ஒரு பகுதியை மட்டும் விடுவித்து அந்த இடத்தை டிஸ்கிற்குத் திருப்பித் தருவதைப் பஞ்ச் ஹோல் என்பார்கள். லினக்ஸில் 2011 முதல் இருக்கிறது. அதில் இரண்டு படி: முதலில் மெமரியில் உள்ள அதன் நகல்களான பேஜ்களை எறிவது, பிறகு டிஸ்க் பிளாக்குகளை விடுவிப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் எம்மேப் வழியாக, அதாவது ஃபைலையே மெமரி போலப் பயன்படுத்தி, வேறொரு த்ரெட் (புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலை) அதே இடத்தைத் தொட்டால், பேஜ் மெமரியில் இல்லை என்று பேஜ் ஃபால்ட் வரும். லினக்ஸின் மையமான கர்னல் பழைய பிளாக்கிலிருந்தே பேஜை மறுபடி கொண்டுவந்து வைத்துவிடும். அடுத்த நொடி அந்த பிளாக் விடுவிக்கப்பட்டு டேட்டாபேஸுக்குப் போய்விடுகிறது. பேஜோ பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதில் எழுதியது டிஸ்கிற்கு இறங்கும்போது அடுத்தவன் பிளாக்கில் போய் விழும். சிஸ்லாக் சேகரிக்கும் அந்த புரோகிராம் ஒரே ஃபைலைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவது. ஒரு த்ரெட் பழையதைப் பஞ்ச் செய்யும், இன்னொன்று அங்கேயே புதிதாக எழுதும். பொருத்தம் கச்சிதம்.

சரி, ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ள பதிவான ஐநோடின் பூட்டையே (இருவர் ஒரே நேரத்தில் மோதாமல் காப்பது) பேஜ் ஃபால்ட் பாதையிலும் எடுத்தால் என்ன? எடுக்க முடியாது. ஃபைலில் எழுதும் ரைட் கால் முதலில் ஐநோடு பூட்டை எடுத்துவிட்டு, பயனரின் பஃபரைத் தொடும்போது ஃபால்ட் ஆகி மெமரி மேப் பூட்டுக்குப் போகும். ஃபால்ட் பாதையில் மெமரி மேப் பூட்டு ஏற்கனவே கையில் இருக்கிறது. இரண்டும் எதிரெதிர் வரிசை, நேராக டெட்லாக்: ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் நின்றுவிடும். அதனால்தான் லினக்ஸில் பரவலான ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4-இல் இதற்கென்றே தனிப் பூட்டு 4.5 கர்னலில், 2016-இல் வந்தது. 2021-இல் 5.15 அதையே எல்லா ஃபைல் சிஸ்டத்துக்கும் பொதுவாக்கியது. எங்கள் கோட் அதற்கெல்லாம் முந்தைய கிளையிலிருந்து வளர்ந்தது. அதே மாதிரி தனிப் பூட்டு போட்டேன்: ஃபால்ட் பாதையில் பகிர்ந்து எடுப்பது, பஞ்ச் ஹோலில் தனியுரிமையாக எடுப்பது. பெரிய வேலை இல்லை.

வேலை வாங்கியது, பிழையை வரவழைப்பதுதான். சாதாரணமாக ஓடவிட்டால் வரவே இல்லை. கடைசியில் இரண்டு படிகளுக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு தூக்கம் வைத்தேன். உடனே வந்தது, ஓட்டும்போதெல்லாம் வந்தது. பேட்சைப் போட்டதும் நின்றது.

டெஸ்டிங்கில் இருந்த பெண்ணுக்குப் பாறசாலை. எனக்குக் குழித்துறை. கழக்கூட்டத்திலிருந்து சாயங்கால வண்டியில் சேர்ந்து வருவோம். அன்று நெய்யாற்றின்கரையில் கிராஸிங்குக்காக வண்டி நின்றுகொண்டிருந்தது. எதிர்வண்டி இன்னும் வரவில்லை. அவள் ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைக் காட்டிக் கேட்டாள்:

"அண்ணே, ஸ்டேஷன் மாஸ்டர் அசந்தா இந்த லைன்ல ரெண்டு வண்டியும் மோதும்னு நாம காட்டிட்டோம். அன்னைக்கு மோதினது இப்படித்தானா? இதுதான் அதுவா?"

"ஆமா மக்ளே, அதுதான்" என்றேன்.

இரண்டு நாளில் அதே வார்த்தை எழுத்தில் வாடிக்கையாளருக்குப் போனது: மூலகாரணம் கண்டுபிடிக்கப்பட்டு சரிசெய்யப்பட்டது.

அந்த ஆமாவைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். பொய் இல்லை, நான் நம்பித்தான் சொன்னேன். தடயம் முழுசும் பொருந்தியது. ஆனால் எழுத வேண்டியதை டிஸ்க்கே தவறான முகவரியில் எழுதிவிட்டாலும் இதே 4096 பைட்தான் இதே மாதிரி கிடைக்கும். தரவுக்கும் செக்சம் (சரிபார்க்கும் எண்) வைக்கும் இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்றவற்றில் பிளாக் கெட்டது படிக்கும்போதே தெரிந்திருக்கும். எங்களிடம் அது இல்லை. இருந்திருந்தாலும் கெட்டது என்று சொல்லுமே தவிர, கெடுத்தது யார் என்று சொல்லாது. அப்டேட் போட்ட அதே வாரத்தில் அவர்கள் டிஸ்குகளையும் மாற்றிவிட்டார்கள். அதன்பின் புகார் வரவில்லை. எதனால் வரவில்லை?

எங்கள் தொழிலில் 'நடக்கக்கூடும்' என்பதே போதும் என்று பழகியிருக்கிறோம். கர்னலில் பூட்டு வரிசையைக் கவனிக்கும் லாக்டெப் என்ற கருவி அப்படித்தான்: பூட்டுகளை வரிசை மாற்றி எடுத்தால், டெட்லாக் ஒருமுறைகூட நடக்காமலே கத்திவிடும். அந்தக் கத்தலை நான் மதிக்கிறேன். என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. கோடுக்கு அது சரி. ஓட்டை இருந்தது, அடைத்தேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வாடிக்கையாளர் கேட்டது ஓட்டையைப் பற்றி அல்ல, நடந்ததைப் பற்றி.

அவர்கள் ஏன் கேட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எந்த பேக்கப்பை நம்பலாம் என்று முடிவுசெய்ய. எங்கள் பதிலை வைத்துக்கொண்டு, அந்த சிஸ்லாக் புரோகிராமில் பஞ்ச் ஹோலை இயக்கிய தேதியைத் தேடிப் பிடித்து, அதற்கு முந்தைய பேக்கப்புகள் சுத்தம் என்று வகுத்துவிட்டார்கள். காரணம் டிஸ்க்காக இருந்தால் அந்தத் தேதிக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

"பெரும்பாலும் இதுதான்" என்று எழுதியிருக்கலாம் என்பது அவள் கட்சி, இன்றைக்கும். அப்படி எழுதியிருந்தால் அவர்கள் அப்டேட்டைத் தள்ளிப்போட்டிருப்பார்கள், நிஜமான ஓட்டை திறந்தே கிடந்திருக்கும் என்பது என் கட்சி. பெரும்பாலும் என்ற சொல்லைப் பார்த்த எந்த மேனேஜரும் புரொடக்‌ஷன் மெஷினை நிறுத்த அனுமதி தருவதில்லை, நான் பார்த்ததில்லை. அந்தச் சொல்லை எழுதிவிட்டு, அப்டேட்டைப் போட வைக்க வேறு வழி தேடுவதுதான் என் வேலை என்கிறாள் அவள். எந்த வழி என்று கேட்டால் அவளிடமும் பதில் இல்லை. ஆனால் பதில் இல்லாததால் அவள் கேள்வி தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.