அப்பாவுக்கும் எனக்கும் ஒரே நாலு எழுத்து

போன பொங்கல் லீவில் அக்கா எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து அந்த ஆளுமை டெஸ்டை எடுக்க வைத்தாள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, வரிசையாகக் கேள்வி கேட்டு, கடைசியில் நாலு எழுத்தைக் காட்டி நீங்கள் இந்த ரகம் என்று சொல்லுமே, அதுதான். அப்பாவுக்கு நான்தான் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொன்னேன். கூட்டத்தோடு இருந்துவிட்டு வந்தால் தெம்பாக இருக்குமா, அசதியாக இருக்குமா என்று கேட்டேன். "கல்யாண வீடுன்னா மொய் எழுதணும், சாப்பிடணும், வந்துடணும். அதுக்கு மேல அங்க என்னம்மா இருக்கு?" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் நினைக்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் ஐ.எஸ்.டி.ஜே. என்று வந்தது. மனசு உள்நோக்கித் திரும்பியிருக்கும், கண்ணால் பார்த்ததைத்தான் நம்பும், முடிவெடுக்கும்போது காரணத்தைப் பார்க்கும், எதையும் முன்கூட்டியே திட்டம் போட்டு வைக்கும் என்று அர்த்தமாம். மொத்தம் 16 ரகம். அம்மாவும் அக்காவும் வேறு வேறு.

சின்ன வயதிலிருந்து எல்லோரும் என்னை அம்மா ஜாடை என்றுதான் சொல்வார்கள். அப்பா மாதிரி என்று ஒருத்தர் கூடச் சொன்னதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் கரண்ட் பில்லையும் வீட்டு வரி ரசீதையும் கம்பியில் குத்தி வைப்பதும் நான் மொபைலில் மாசவாரியாக ஃபோல்டர் போட்டு வைப்பதும் ஒரே வேலைதான். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஸ்டேஷனில் போய் உட்காருவதும் அப்படித்தான்.

இதை விட முக்கியமான ஒன்று உண்டு. நான் ஹாஸ்டலில் இருந்தபோது அப்பா போன் பண்ணினால், சாப்பிட்டியா, பணம் இருக்கா, சரி வச்சிடறேன், இவ்வளவுதான் பேச்சு. என் மேல் ஏதோ மனக்குறை என்றே மூன்று வருடம் நினைத்திருந்தேன், சில ராத்திரி அழுதும் இருக்கிறேன். அதே மனிதர் ஐப்பசி பிறக்கும் முன்னால் புதுக் குடை ஒன்றை பார்சலில் அனுப்பி வைப்பார், உள்ளே ஒரு வரி கூட எழுதியிருக்காது. இன்று அக்காவின் குழந்தைக்கு நானும் அப்படித்தான் ஏதாவது வாங்கி அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். அந்தக் குடை என்ன சொன்னது என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இந்த டெஸ்டை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். சில வாரம் கழித்து மறுபடி எடுத்தால் ஒரு எழுத்து மாறி வருவது சகஜம். குணம் என்பது பெட்டி பெட்டியாக இல்லை, கூடக் குறைய இருக்கும் அளவுதான் என்று ஆய்வாளர்கள் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. குடும்பத்துக்குள் குணம் எப்படி வருகிறது என்பதற்கு இரட்டையர் ஆய்வுகளைப் படிக்கலாம். பிரிந்து வளர்ந்த இரட்டையர்களை வைத்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தாமஸ் புஷார்ட் 1979-இல் ஆரம்பித்த ஆய்வு இதில் முக்கியமானது. ஆளுக்கு ஆள் குணம் வேறுபடுவதில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் மரபணு சார்ந்தது என்று இப்படிப்பட்ட ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே வீட்டில் வளர்வது குணத்தை ஒன்றுபோல ஆக்குவது நாம் நினைப்பதை விட ரொம்பக் குறைவாம். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அக்காவும் நானும் இப்படி எதிரும் புதிருமாக இருப்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த டெஸ்டின் மூலமே ஒரு குடும்பக் கதைதான். அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் சேர்ந்து செய்தது. மகள் கல்யாணம் செய்யப்போகிறவரை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, நல்ல பையன்தான், ஆனால் நம் வீட்டு ஆட்கள் மாதிரி இல்லையே என்று அம்மாவுக்குத் தோன்றியதாம். 1918-இல் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. மனிதர்களின் குணத்தை ரகம் ரகமாகப் பிரித்து கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் எழுதிய புத்தகம் 1923-இல் ஆங்கிலத்தில் வந்ததும் கேத்தரின் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இசபெல் கேள்விகளை எழுத ஆரம்பித்தார். அதாவது, தன்னைப் போல் இல்லாத ஒருவரைப் புரிந்துகொள்ளப் போய்த்தான் இதெல்லாம் வந்திருக்கிறது.

அதைப் படித்ததும் எனக்கு அம்மாதான் ஞாபகம் வந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்காவின் பிரசவத்துக்காக அம்மா பெங்களூர் போய் மூன்று மாதம் இருந்தாள். வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசியிருப்போமா தெரியாது, ஆனால் இரண்டு பேருக்கும் அது அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்தச் சமயத்தில் மாமாவை, அதாவது அத்தையின் வீட்டுக்காரரை, நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா ஜி.பே.யில் பணம் அனுப்பினார். நான் ரிப்போர்ட்டை வாங்கித் தெரிந்த டாக்டரிடம் காட்டினேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். பத்து நாள் கழித்து அத்தை அம்மாவுக்கு போன் பண்ணி, "அண்ணன் ஒரு வார்த்தை எப்படி இருக்கேன்னு கேக்கலையே அண்ணி" என்று அழுதிருக்கிறார்.

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இத்தனை வருடமாக அம்மாதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். நல்லது கெட்டது விசாரிப்பது, பிறந்தநாளுக்குக் கூப்பிடுவது, கோபித்துக்கொண்டவர்களைச் சமாதானம் செய்வது எல்லாம் அவள் தலையில். எங்கள் அமைதிக்கு அவள்தான் உழைத்திருக்கிறாள், நாங்களோ அவளை வாயாடி என்று வேறு சொல்லியிருக்கிறோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தைக்கு நான் போன் பண்ணுகிறேன். மனசுக்குள் ரொம்பத் தயார் பண்ணிக்கொண்டுதான் பண்ண வேண்டியிருக்கிறது. நான் பேசி முடித்ததும் அப்பா வாங்கிப் பேசுகிறார். போன வாரம் நாலு நிமிஷம் பேசினார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.